பள்ளிக் கல்வியும் பதிப்புரிமையும்

ஒரு நாட்டின் கல்வி வளர்ச்சியைப் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டும் ஆசிரியர்களின் எண்ணிக்கையைக் கொண்டும் அளவிடுவது வழக்கம். ஆனால் மாணவனின் கையில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அவ்வளர்ச்சியின் உண்மையான உரைகல் ஆகும். பாடநூல் ஒன்றே போதும் என்ற காலம் மறைந்துவிட்டது. வரைபடம், செய்தித்தாள் கட்டுரை, ஆய்வு நூலின் ஓர் இயல், ஆவணப்படம் ஆகிய யாவும் இன்று வகுப்பறைக்குத் தேவைப்படுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை பிறர் படைத்தவை, பதிப்புரிமைக்கு உட்பட்டவை.

இந்நிலையில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. விலையுயர்ந்த ஒரு நூலிலிருந்து சில பக்கங்களை நகலெடுத்து மாணவர்களுக்கு வழங்குவதும் குற்றமாகிவிடும் என்று அஞ்சி, அதனைக் கைவிடும் ஆசிரியர்கள் உள்ளனர். கல்விக்காக என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதும் என்று கருதி, முழு நூலையே படியெடுத்து விற்போரும் உள்ளனர். முன்னவரின் அச்சத்தால் மாணவன் இழக்கிறான். பின்னவரின் துணிவால் நூலாசிரியர் இழக்கிறார். சட்டம் இவ்விரண்டிற்கும் இடையே தெளிவான ஒரு வழியை வகுத்துள்ளது. அதனை ஆசிரியர்களும் மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பதிப்புரிமையின் அடிப்படை

ஒருவர் படைத்த நூல், இசை, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு முதலியவற்றை நகலெடுக்கவும் வெளியிடவும் தழுவவும் மொழிபெயர்க்கவும் சட்டம் வழங்கும் தனியுரிமையே பதிப்புரிமை ஆகும். இவ்வுரிமை கருத்துக்கு உரியதன்று. கருத்தை வெளியிட்ட வடிவத்திற்கு உரியது. பிதாகரஸ் தேற்றம் எவருக்கும் சொந்தமன்று. ஆனால் அதனை விளக்கி ஒரு நூலாசிரியர் எழுதியுள்ள சொற்களும் வரைந்துள்ள படங்களும் அவருடையவை. எனவே ஒரு நூலைப் படித்து, அதன் பொருளைத் தம் சொற்களில் கற்பிக்கும் ஆசிரியருக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

இவ்வுரிமையின் பொருளாதாரக் காரணம் எளிது. ஒரு நூலின் முதற்படியை உருவாக்க ஆகும் உழைப்பும் செலவும் பெரிது. அடுத்தடுத்த படிகளுக்கு ஆகும் செலவு சிறிது. எவரும் தடையின்றிப் படியெடுக்கலாம் எனில், விலை நகலெடுக்கும் கூலியின் அளவுக்கு இறங்கிவிடும். எழுதியவரின் உழைப்புக்கு ஊதியம் இராது. படியெடுத்தலை முற்றிலும் தடுத்தாலோ, வாங்கும் வசதி உள்ளவரைத் தவிர ஏனையோருக்கு அறிவு எட்டாமற் போகும். ஆகவே காலத்தாலும் நோக்கத்தாலும் வரையறுக்கப்பட்ட ஓர் ஏகபோகத்தைச் சட்டம் நூலாசிரியருக்கு அளிக்கிறது.

நம் நாட்டில் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நூலாசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் என்று இருந்த உரிமைக்காலம், 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 60 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 1941-இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் படைப்புகளுக்கான உரிமை முடிவடைய இருந்த நேரத்தில் இந்நீட்டிப்பு வந்தது. அவ்வுரிமை 2001-ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுற்றது. காலம் முடியுமுன்பே ஒரு படைப்பு பொதுவுடைமை ஆவதும் உண்டு. பாரதியார் நூல்களின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் அவற்றை மக்களுக்கு உரியனவாக்கியது இதற்குச் சிறந்த சான்று. இத்தகைய படைப்புகளை எவரும் எந்த அளவிலும் பயன்படுத்தலாம்.

ஐம்பத்திரண்டாம் பிரிவு

உரிமைக்காலம் முடிவுறாத படைப்புகளையும் சில நோக்கங்களுக்காக அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். எச்செயல்கள் பதிப்புரிமை மீறல் ஆகா என்பதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. பள்ளிக்கு மிக நெருக்கமானவை வருமாறு.

முதலாவது, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, திறனாய்வு, நடப்புச் செய்தி வெளியீடு ஆகியவற்றிற்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாளுதல். தன் படிப்புக்காக நூலகத்தில் ஒரு பகுதியைப் படியெடுக்கும் மாணவன் இதன்கீழ் வருகிறான்.

இரண்டாவது, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தல். தேர்வு வினாவின் பகுதியாகவும் விடையின் பகுதியாகவும் படியெடுத்தலும் இதில் அடங்கும். வினாத்தாளில் ஒரு கவிதையை அச்சிட்டுப் பொருள் கேட்கும் தேர்வுக் குழு, கவிஞரிடம் அனுமதி பெற வேண்டியதில்லை.

மூன்றாவது, பள்ளி நிகழ்ச்சிகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் நாடகம் நடித்தல், பாடுதல், திரைப்படம் காட்டுதல். படம் காண்போர் பள்ளியைச் சார்ந்தோரும் பெற்றோரும் பள்ளிப் பணிகளோடு தொடர்புடையோருமாக இருத்தல் வேண்டும். நுழைவுச்சீட்டு விற்று ஊராரை அழைத்துப் படம் காட்டினால் இவ்விலக்கு பொருந்தாது.

நான்காவது, வணிக நோக்கமற்ற பொது நூலகம், இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத ஒரு நூலைத் தன் பயன்பாட்டிற்காக மூன்று படிகளுக்கு மேற்படாமல் எடுத்துக்கொள்ளுதல்.

அமெரிக்கச் சட்டத்தில் உள்ள ‘நியாயப் பயன்பாடு’ என்னும் கோட்பாட்டையும் இதையும் ஒன்றாகக் கருதலாகாது. அங்கே பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் விளைவு ஆகிய நான்கையும் நீதிமன்றம் சீர்தூக்கிப் பார்க்கிறது. இங்கே சட்டமே நோக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. ஒரு நூலில் பத்து விழுக்காடு வரை நகலெடுக்கலாம் என்று பலர் கூறும் கணக்கிற்கு 52-ஆம் பிரிவில் இடமில்லை.

தில்லிப் பல்கலைக்கழக வழக்கு

கற்பித்தலின்போது என்னும் தொடரின் பொருள் யாது? வகுப்பறையில் ஆசிரியர் நிற்கும் நேரத்தை மட்டும் அது குறிக்கிறதா? இவ்வினாவிற்கு விடை தந்தது ஒரு நகலகத்தைப் பற்றிய வழக்கு.

தில்லிப் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில், பல்கலைக்கழகத்தின் உரிமத்துடன் நகலகம் ஒன்று இயங்கி வந்தது. பாடத்திட்டத்தில் பரிந்துரைக்கப்பட்ட பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்துப் படியெடுத்து, பக்கக் கட்டணத்தின் பேரில் அது மாணவர்களுக்கு வழங்கியது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் 2012-இல் இதனை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன.

2016 செப்டம்பர் 16-ஆம் நாள் தனி நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாக அமைந்த உரிமையன்று. சமூக நலன் கருதிச் சட்டம் உருவாக்கிய உரிமை என்பது அவர் கொண்ட நிலை. அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. கற்பித்தல் என்பது பாடத்தைத் தயாரிப்பது முதல் பாடத்திட்டம் நிறைவுறும் வரை தொடரும் செயல் என்றும், படியெடுக்கும் பணியை ஆசிரியரோ மாணவரோ நேரிற் செய்யாமல் நகலகம் செய்தாலும் அதன் தன்மை மாறாது என்றும் அவ்வமர்வு கருதியது. எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கும் விடை கூறியது: கற்பித்தல் நோக்கத்திற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. அதே சமயம், அத்தொகுப்புகளில் இடம்பெற்ற பகுதிகள் உண்மையிலேயே கற்பித்தலுக்குத் தேவைப்பட்டவையா, முழு நூல்களைப் படியெடுத்தல் தகுமா ஆகிய வினாக்களை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இத்தீர்ப்பின் பொருளாதார நோக்கும் கருதத்தக்கது. ஒரு பாடத்திற்குப் பரிந்துரைக்கப்படும் பல நூல்களையும் விலை கொடுத்து வாங்கும் நிலையில் மாணவன் இல்லை. நகல் கிடைக்காவிடில் அவன் அவற்றை வாங்கிவிடப் போவதில்லை; படிக்காமல் இருப்பான், அல்லது நூலகத்தில் அமர்ந்து கையால் எழுதிக்கொள்வான். ஆகவே அந்நகலால் பதிப்பாளர் இழக்கும் விற்பனை, நகல்களின் எண்ணிக்கை காட்டுவதைவிட மிகக் குறைவு. படித்தோர் தொகை பெருகினால் நாளை நூல் வாங்குவோர் தொகையும் பெருகும்.

எல்லைகள் யாவை?

இத்தீர்ப்பைக் கொண்டு எல்லாம் கூடும் என்று முடிவு கட்டுதல் தவறாகும். நோக்கம் எதுவோ அதுவே எல்லையும் ஆகிறது. வகுப்பிற்குத் தேவையான ஓர் இயலை நகலெடுப்பது கற்பித்தல். கடையில் கிடைக்கும் பாடநூலை முழுமையாகப் படியெடுத்து விற்பது வணிகம். பயிற்சி நூல்களை எழுதுவோருக்குப் பள்ளிகளே சந்தை. அச்சந்தையை நகல்கள் விழுங்கிவிட்டால் அந்நூல்களை எழுத எவரும் முன்வரார்.

கல்விக்கெனத் தொகை நூல் வெளியிடுவோருக்குச் சட்டம் தனி விதி வகுத்துள்ளது. பதிப்புரிமை இல்லாதவற்றையே பெரும்பகுதியாகக் கொண்ட தொகுப்பில், வெளியான இலக்கிய நூல்களிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஆனால் அப்பகுதிகள், கல்விக்கென்றே வெளியிடப்பட்ட நூல்களிலிருந்து எடுத்தவையாக இருத்தல் கூடாது. ஒரே பதிப்பாளர் ஐந்தாண்டுக் காலத்தில் ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து இரண்டு பகுதிகளுக்கு மேல் வெளியிடுதலும் கூடாது.

படைப்பாளரின் பெயரைக் குறிப்பிடுவது பலர் மறந்துவிடும் கடமை. உரிமையைப் பிறருக்கு விற்றுவிட்ட பின்னும், தாமே படைத்தவர் என்று கூறிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி படைப்பாளரிடமே நிலைக்கிறது. அறிந்தே செய்யும் பதிப்புரிமை மீறல் குற்றமாகும். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு இலட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வணிக ஆதாயம் கருதாத மீறலுக்கு, தகுந்த காரணம் காட்டி, நீதிமன்றம் இதனினும் குறைந்த தண்டனை விதிக்கலாம்.

மொழிபெயர்ப்பும் மலிவுப் பதிப்பும்

தாய்மொழி வழியே உயர்கல்வி வளர வேண்டுமாயின் மொழிபெயர்ப்பு இன்றியமையாதது. 1967-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் வளரும் நாடுகள் எழுப்பிய கோரிக்கை, 1971-இல் பாரிசில் திருத்தப்பட்ட பெர்ன் உடன்படிக்கையின் பிற்சேர்க்கையாக வடிவம் பெற்றது. அதற்கேற்ப நம் சட்டம் 1983-இல் திருத்தப்பட்டது. அதன்படி, அச்சில் வெளிவந்த அயல்நாட்டு நூல் ஒன்று, வெளியாகி மூன்றாண்டுகள் கடந்தும் ஓர் இந்திய மொழியில் வரவில்லையாயின், கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் அதனை மொழிபெயர்க்க உரிமம் கோரலாம். வளர்ந்த நாடுகளில் பொது வழக்கில் இல்லாத மொழியாயின் ஓராண்டே போதும். இந்தியாவில் கிடைக்காத நூல்களையும் நியாயவிலையில் கிடைக்காத நூல்களையும் மறுபதிப்புச் செய்யவும் உரிமம் கோரலாம். அறிவியல், கணித, தொழில்நுட்ப நூல்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்றாண்டுகள். இவை இலவச உரிமங்கள் அல்ல. உரிமையாளருக்கு உரிய தொகை செலுத்தப்படல் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளும் இணையமும்

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொரு வாயிலைத் திறந்தது. பார்வையற்ற மாணவர் போன்ற மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் எந்தப் படைப்பையும் ஆக்கலாம். பிரெயில், ஒலிநூல் முதலியன இதில் அடங்கும். இதனைச் செய்யும் நிறுவனம் இலாபம் கருதாமல், ஆக்கச் செலவை மட்டுமே பெறுதல் வேண்டும். இதே நோக்கம் கொண்ட மரக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா.

இணையத்தில் கூடுதல் கவனம் தேவை. தில்லி வழக்கு தாளில் எடுத்த நகலைப் பற்றியது. நாற்பது மாணவர்களுக்கு வழங்கிய நகல் அந்த நாற்பது பேரோடு நிற்கிறது. அதே பகுதியை எவரும் காணக்கூடிய இணையதளத்தில் ஏற்றினால், கற்பித்தல் என்னும் நோக்கத்தை அது கடந்துவிடுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது உரிமையற்றது என்பதும் பிழையான எண்ணம். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு தன் பாடநூல்களை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. எனினும் அவற்றின் உரிமை அக்குழுவிடமே உள்ளது. அனுமதியின்றி அவற்றை வெளியிடும் பதிப்பாளர்களை அது 2024 ஏப்ரலில் எச்சரித்தது.

கல்வித்துறையின் கடமை

கல்வி அலுவலர்கள் செய்யத்தக்கவை மூன்று. பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு 52-ஆம் பிரிவின் கருத்தை அவரவர் மொழியில் ஒரு பக்கச் சுற்றறிக்கையாக வழங்குவது முதலாவது. பள்ளி நூலகத்திற்கு நூல் வாங்கும் ஒதுக்கீட்டைக் குறையாமற் காப்பது இரண்டாவது. நூலகத்தில் ஒரு படியேனும் விலை கொடுத்து வாங்கப்பட்டிருக்கும்போதே நகலெடுத்தல் நேர்மையுடையதாகிறது. பொதுப் பணத்தில் உருவாகும் பாடப்பொருள்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவது மூன்றாவது. 2013-இல் தொடங்கப்பட்ட திறந்த கல்வி வளங்களுக்கான தேசியக் களஞ்சியம் இத்திசையில் எடுத்து வைக்கப்பட்ட நல்ல அடி ஆகும்.

சட்டம் ஆசிரியருக்கு அளித்திருப்பது சலுகையன்று, உரிமை. வகுப்பிற்குத் தேவையானதை, தேவையான அளவில், படைத்தவரின் பெயரோடு எடுத்து வழங்கும் ஆசிரியர் அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வெல்லையை மதித்துப் பயன்படுத்தும்போது, எழுதுவோரின் உழைப்பும் காக்கப்படும். நூல் வாங்க இயலாத மாணவனுக்கும் படிப்பதற்கு நூற்பகுதி கிடைக்கும்.