தேன் பாட்டிலை மூடி வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மே மாத இதழில் நீ எழுதிய பழ ஐஸ் குறிப்புகளைப் படித்தேன். பழத்தைக் கழுவுவது, அச்சில் ஊற்றுவது எல்லாம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் மூட்டிய இடத்துக்கே நேராக வருகிறேன். மாம்பழக் குச்சி ஐஸ்.

இரண்டு மாம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர், நாலு ஸ்பூன் தேன். கீழே தடித்த எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்காதது, குழந்தைகளுக்கு ஏற்றது’. தேன் என்ன, காற்றா? 100 கிராம் தேனில் சுமார் 80 கிராம் சர்க்கரைதான். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். பூவிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேனை நாக்கில் தடவவும் கூடாது. பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. ‘குழந்தைகளுக்கு’ என்று எழுதுகிறவன் எத்தனை வயதுக் குழந்தைக்கு என்றும் எழுத வேண்டும்.

அடுத்தது அந்தத் தண்ணீர். பழத்தில் இருக்கும் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. சர்க்கரை கரைந்த நீர் சீக்கிரம் உறையாது. ஃப்ரீசருக்குள்ளும் அதில் கொஞ்சம் இறுகாமலே நிற்கும். பல் இறங்குவது அதனால்தான். மாம்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் சர்க்கரை, தர்பூசணியில் 6 கிராம்தான். தர்பூசணிச் சாற்றை உறைய வைத்தால் பல் உடைகிற கட்டியாகும். மாம்பழ விழுது கடிக்க வரும். நீயோ நல்ல விழுதில் தண்ணீரை ஊற்றி அதைத் தர்பூசணி நிலைக்குக் கொண்டுபோய்விட்டு, அப்புறம் ஈடுகட்டத் தேன் பாட்டிலைத் திறக்கிறாய். தண்ணீரை விட்டுவிட்டால் தேனுக்கு அங்கே வேலையே இல்லை.

‘குளிர்ந்தால் இனிப்பு தெரியாதே அக்கா’ என்பாய். வாஸ்தவம். உறைந்ததை நாக்கில் வைத்தால் இனிப்பு மட்டுப்பட்டுத்தான் தெரியும். அதற்கு மருந்து பழுத்த பழம். என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள், நீ உட்கார். வெறுமனே ‘மாம்பழம்’ என்று எழுதுகிறாயே, எந்த மாம்பழம்? பங்கனப்பள்ளியா, இமாம் பசந்தா, கடைசியில் வருகிற நீலமா? தோல் மஞ்சளாக இருந்தால் பழுத்துவிட்டதா? கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தும், மேலே தங்க நிறமாகவும் கொட்டையை ஒட்டிப் புளிப்பாகவும் பழம் வந்துகொண்டுதான் இருக்கிறது. காம்படியை மோந்து பார். அங்கே வாசம் இல்லாத பழத்தை நறுக்கிச் சாப்பிடு, ஊறுகாய் போடு, ஐஸுக்குக் கொண்டுவராதே. கடைக்காரர் ‘இன்னைக்கே சாப்பிட்ரணும்மா’ என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார் பார், தோலில் கரும்புள்ளி விழுந்து, தொட்டால் குழைகிற பழம். விலையும் பாதி. அழுகல், பூசணம் இல்லாமல் பார்த்து எடுத்துக்கொள். ஐஸுக்கு அதுதான் ராஜா.

எங்கள் தெருவில் முதல் ஃப்ரிட்ஜ் வந்த வீட்டில் கோடை முழுக்கப் பிள்ளைகள் கூட்டம். அந்தக் காலத்துப் பெட்டியில் மேலே சின்னதாக ஒரு அறை, அதுதான் ஃப்ரீசர். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரில் எதையாவது ஊற்றிக் கொண்டுவந்து வைப்போம். உள்ளே பனி மண்டி, டம்ளரின் அடி ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டு மாமி வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்துத் தருவார். வாசலில் மணியடித்து வந்த வண்டி ஐஸ் உதட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசும், உறிஞ்சினால் வெள்ளைக் கட்டிதான் மிஞ்சும். டம்ளரில் உறைந்த மாம்பழம் அடிவரை மாம்பழமாகவே இருந்தது. நீ சொல்கிற பிளாஸ்டிக் அச்சைவிட அந்த டம்ளர் தேவலை. உலோகம் குளிரைச் சட்டென்று உள்ளே விடும். சீக்கிரம் உறைந்தால் பனித்துகள் பொடியாக விழும், நறநறக்காது. பாதி இறுகியதும் குச்சியைச் சொருகு.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் பாவம். உன் வாழைப்பழ ஐஸ் குறிப்பு அபாரம். வட்டமாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்து, மிக்ஸியில் அடிக்கச் சொல்கிறாய். அதை எல்லோரும் சொல்வார்கள். ‘முதலில் மணல் மாதிரி உதிரும், பயப்படாதீர்கள், ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், திடீரென்று வெண்ணெயாகத் திரளும்’ என்று எழுதினாய் பார், அது மிக்ஸி பக்கத்தில் நின்றவன் மட்டுமே எழுதக்கூடிய வரி. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சமையல் குறிப்பில் இப்படி ஒரு வரி படித்து எவ்வளவோ காலமாகிறது. சிறுமலைப் பழம் கிடைத்தால் அதில் ஒருமுறை செய்து பார். அந்த மணத்துக்கு ஏலக்காய்கூட வேண்டாம்.

ஆடிக்குள் நாவல் பழம் வந்துவிடும். அடுத்த குறிப்பு அதில் இருக்கட்டும். துவர்ப்பை என்ன செய்யப் போகிறாய் என்று யோசித்து எழுது. தேன் என்று ஆரம்பித்தாயானால் எனக்கு இதழ் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அக்கா