மங்கலாஜோடிக்கு வரும் பறவைகள்

ஒடிசா மாநிலத்தில் சில்கா என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அது வங்கக் கடலை ஒட்டிய ஏரி. ஆற்று நீரும் கடல் நீரும் அதில் கலக்கின்றன. அதனால் தண்ணீர் உப்புக் கரிக்கும். இப்படிப்பட்ட ஏரிக்கு உப்பங்கழி என்று பெயர். இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி சில்காதான்.

ஏரியின் வடகரைப் பக்கம் மங்கலாஜோடி என்னும் ஊர் உள்ளது. மார்கழி, தை மாத விடியற்காலையில் அங்கே குளிர் உடம்பை நடுக்கும். பனிமூட்டத்தில் எதிரே இருக்கும் படகுகூடத் தெரியாது. முதலில் சத்தம்தான் கேட்கும். பனி விலக விலக, நாணலுக்கு நடுவே ஆயிரக்கணக்கான பறவைகள் தெரியும்.

ஏன் வருகின்றன?

ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து, கருவால் மூக்கன் ஆகியவை இங்கு வரும் பறவைகளில் சில. சைபீரியா, மங்கோலியா போன்ற வடதிசைப் பகுதிகளில் இருந்து பல பறவைகள் வருகின்றன. அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து பனிக்கட்டியாகிவிடும். புழு, பூச்சி, புல், விதை எதுவும் கிடைக்காது. இரை தேடித்தான் இவ்வளவு தூரம் பறந்து வருகின்றன. வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருகிறது! கோடை தொடங்கும்போது திரும்பிப் போய், அங்கேதான் முட்டையிடும்.

இது எப்படித் தெரிந்தது? பறவையைப் பிடித்துக் காலில் சிறு வளையம் மாட்டுவார்கள். அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். பிறகு பறவையைப் பறக்க விடுவார்கள். வேறு நாட்டில் ஒருவர் அந்த எழுத்தைப் படித்துத் தகவல் அனுப்பினால், பறவை போன வழி தெரிந்துவிடும்.

வேட்டைக்காரர்கள் காவலர்கள் ஆனார்கள்

ஒரு காலத்தில் மங்கலாஜோடி பறவை வேட்டைக்குப் பேர் போன ஊர். துப்பாக்கியால் சுட்டார்கள். விஷம் வைத்தார்கள். கறியை விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. ஆனால் வயிற்றுப்பாடு வேறு என்ன சொல்லும்? வேட்டை நிற்கவில்லை. பறவைகள் குறைந்துகொண்டே வந்தன.

தொண்டர்கள் சிலர் ஊருக்கு வந்து பேசினார்கள். பறவை அடியோடு தீர்ந்துபோனால் வேட்டைக்காரருக்கும் பிழைப்பு இல்லை என்பதை எடுத்துச் சொன்னார்கள். ஒரே நாளில் யாரும் மாறவில்லை. பேச்சு பல நாள் நடந்தது. 2000-ஆம் ஆண்டில் ஊர் மக்களே பறவைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள்.

எந்தப் பறவை எங்கே மேயும், எப்போது பறக்கும் என்பது வேட்டைக்காரருக்கு அத்துபடி. அந்த அறிவே இப்போது சோறு போடுகிறது. பறவை பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றி, மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பெயர் சொல்லிப் பறவைகளைக் காட்டுகிறார்கள். இந்த வருமானம் குளிர்கால மாதங்களில்தான் அதிகம். மற்ற மாதங்களில் மீன்பிடிப்பு போன்ற தொழில்கள் கைகொடுக்கின்றன.

பறவை பார்க்கப் போகிறீர்களா?

1. விடியும் முன்பே போங்கள். அப்போதுதான் பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும்.
2. பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம்.
3. சத்தம் போடாதீர்கள். கல் எறிந்து பறக்க விடாதீர்கள். வீணாகப் பறந்தால் அவற்றின் உடல் பலம் குறையும். திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்கு அந்தப் பலம் வேண்டும்.
4. மூக்கு, கால், வால் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பறவையை அடையாளம் காண இவை உதவும்.

விடை சொல்லுங்கள்

1. சில்கா ஏரியின் நீர் ஏன் உப்புக் கரிக்கிறது?
2. பறவையின் காலில் வளையம் மாட்டுவது எதற்காக?

கலந்து பேசுங்கள்

பிழைப்புக்காக வேட்டையாடுபவரிடம் "வேட்டையை நிறுத்து" என்று மட்டும் சொன்னால் போதுமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

எழுதிப் பாருங்கள்

மழைக்காலம் முடிந்ததும் உங்கள் ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ வரும் பறவைகள் எவை? நீங்கள் பார்த்த பறவை ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். அதை உங்கள் ஊரில் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.