ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கும் உனக்கு

கண்ணு, பிள்ளையார்குப்பத்து மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் ஆய்வுக்குச் சேர்ந்துவிட்டாய். டி.ஆர்.என்.ஏ.வைத்தான் எடுக்கப்போகிறேன் என்று நீ சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. வயதானவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. சின்னதை அலட்சியம் செய்யாதே. அமினோ அமிலத்தைச் சுமந்துவந்து புரதம் கோக்க உதவும் டி.ஆர்.என்.ஏ.வின் நீளம் ஏறக்குறைய 76 எழுத்துதான். அது உருவான பிறகு, செல் அதன் சில எழுத்துகளில் மீத்தைலையும் கந்தகத்தையும் ஒட்டுகிறது. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மாதிரிதான் இதுவும். எழுத்து அதேதான், வாசிப்பு மாறிவிடும்.

2. பொறுமையாக இரு. ராபர்ட் ஹோலியின் குழு 140 கிலோ ஈஸ்ட்டிலிருந்து ஒரே ஒரு கிராம் டி.ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, 1965-ல் அதன் முழு வரிசையை வெளியிட்டது. நடுவே தட்டுப்பட்ட வழக்கமில்லாத எழுத்துகளை அவர்கள் அழுக்கென்று ஒதுக்கவில்லை. 1968-ல் நம் கொரானாவோடும் நிரென்பர்க்கோடும் ஹோலி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்துத்தான் பெரும்பாலும் வாசிக்கிறோம். மாற்றம் பெற்ற எழுத்து வந்தால் படியெடுக்கும் நொதி தடுமாறும், சில சமயம் நின்றேவிடும். கணினி பிழையென்று கழித்ததை நீ ஒருமுறை எடுத்துப் பார். அவசரக்காரன் கண்ணுக்குப் பொன்னும் தூசுதான்.

3. உன் ஊரின் நோயை மறக்காதே. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நீ எடுத்துக்கொண்ட டி.ஆர்.என்.ஏ.வுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. சி.டி.கே.ஏ.எல்.1 என்ற நொதி, லைசினைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.வின் 37-ஆவது எழுத்தில் கந்தகமும் மீத்தைலும் சேர்க்கிறது. கணையத்தில் அந்த நொதி இல்லாத எலிகளில், இன்சுலினின் முன்வடிவத்தில் லைசின் வர வேண்டிய இடம் தவறாக வாசிக்கப்படுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். இன்சுலின் சுரப்பு குறைந்து, சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. ஒட்டாமல் போன ஒரு துணுக்கு எதுவரை போகிறது பார்!

4. தெரிந்ததற்கு மேல் பேசாதே. சர்க்கரை நோயில் பங்குள்ள மரபணுக்கள் ஏராளம், அந்த நொதிக்கான மரபணு அவற்றில் ஒன்றுதான். “உங்கள் மரபணுவே இப்படி” என்று யாரையும் கலங்கவைத்து அனுப்பிவிடாதே.

5. ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவரைக் காக்கவைக்காதே. நான் வேலை கற்ற இடத்தில் ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார். பெரிய அதிகாரி வந்து நின்றாலும், பாகூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பாட்டிக்குத்தான் முதலில் ரத்தம் எடுப்பார். நீயும் அப்படியே செய். எடுத்ததும் இரண்டு இட்லியாவது சாப்பிடச் சொல். முடிவு வந்ததும் அவருக்குப் புரிகிற தமிழில் உட்காரவைத்துச் சொல்.