கொள்ளுத்தாத்தாவின் வெள்ளிப் பெட்டி: ஏலத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கிறேன். எங்கள் கொள்ளுத்தாத்தா திருவிதாங்கூர் ஹஜூர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். அவர் காலத்து வெள்ளிச் சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. பன்னீர்ச் செம்பு, சந்தனப் பேலா, வெற்றிலைச் செல்லம், ஒரு ஜோடி குத்துவிளக்கு, சங்கு முத்திரை பதித்த தாம்பாளம், மதராஸில் செய்த டீ செட், ஒரு சாண் உயரமுள்ள வெள்ளிக் கிருஷ்ணர், கொஞ்சம் பழைய சக்கரக் காசு, வெள்ளி கட்டிய புலிநகம் ஒன்று. டீ கெண்டியின் கைப்பிடியில் வெள்ளையாக இரண்டு வளையம் இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் 2021-ல் காலமானார். அம்மா என்னோடு இருக்கிறார். சாலைக் கடைத்தெருவில் எடைக்குத்தான் கேட்கிறார்கள். லண்டனில் அக்காவோடு இருக்கும் அத்தான், "இங்கே ஏலத்தில் விட்டால் பல மடங்கு கிடைக்கும், அடுத்த தடவை வரும்போது நானே பெட்டியில் வைத்து எடுத்து வருகிறேன்" என்கிறார். சட்டப்படி என்ன செய்யலாம், வக்கீல் சார்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் அத்தானுக்குப் போன் செய்து, அந்த எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். நூறு வருஷப் பழமையுள்ள ஒரு சந்தனப் பேலாவைக்கூட அவர் எடுத்துப் போக முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. சொந்தப் பொருள், பாட்டன் சொத்து, விற்கவில்லை, காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவோம் என்ற எந்தச் சமாதானமும் விமான நிலையத்தில் எடுபடாது. தண்டனை குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, அபராதம் வேறு. பொருளும் பறிமுதலாகும்.

எது தொல்பொருள்? நாணயம், சிற்பம், ஓவியம், கைவினை வேலைப்பாடு என்று சட்டத்தின் பட்டியல் நீளமானது. வயது நூறு ஆண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டே போதும். வயதில் சந்தேகம் வந்தால் முடிவு செய்வது இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் அல்லது அவர் அதிகாரம் அளித்த அதிகாரி. நூறு வயது ஆகாத பொருள் என்றால், அது தொல்பொருள் அல்ல என்று அந்தத் துறையிடம் சான்று பெற்ற பிறகுதான் வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துச் சாமான்களுக்கு அந்தச் சான்று கிடைப்பது கடினம்.

வெளியே போன பிறகு மீட்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு இரண்டு உதாரணம். 2009 மார்ச்சில் காந்தியடிகளின் மூக்குக் கண்ணாடி, பைக் கடிகாரம், செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தும் ஏலம் நடந்தது. கடைசியில் இந்தியத் தொழிலதிபர் ஒருவர் 18 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். 2025-ல் பிப்ரவா புத்த நினைவுச் சின்னங்களின் மணிகள் ஹாங்காங்கில் ஏலம் போக இருந்தபோது, மத்திய அரசு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அதை நிறுத்த வேண்டியிருந்தது. 1898-ல் இந்த மண்ணில் தோண்டியெடுத்தவை அவை.

இனி நல்ல செய்தி. இந்தியாவுக்குள் உங்கள் வெள்ளியை விற்கத் தடை ஏதும் இல்லை. தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்குத்தான் 5-ஆவது பிரிவின்படி உரிமம் வேண்டும். வீட்டில் இருந்ததை ஒரு முறை விற்கும் குடும்பம் வியாபாரி ஆகாது. ஆனால் நீங்கள் பொருளை ஒப்படைக்கும் ஏல நிறுவனத்துக்கு அந்த உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, நகலைப் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் வெளியாகும் ஏலப் பட்டியல்களில் பல பொருள்களுக்கு அடியில் 'ஏற்றுமதி செய்ய முடியாது' என்ற குறிப்பு இருக்கும். நம் ஊருக்குப் பக்கத்துக் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள் நூறு வயது ஆகாவிட்டாலும் 'கலைச் செல்வம்' என்று அறிவிக்கப்பட்டு இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தவை. வெளிநாட்டுக்காரர் போட்டிக்கு வராததால் விலை கொஞ்சம் குறையத்தான் செய்யும். நம் பொருள் நம் நாட்டில் தங்குவதற்கு நாம் கொடுக்கும் விலை அது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

உங்கள் பெட்டியில் நான் தனியே எடுத்துவைக்கச் சொல்லும் பொருள்கள் மூன்று. பணத்தைவிட இவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒன்று, கிருஷ்ணர் விக்கிரகம். பாத்திரம், தாம்பாளம், காசு இவற்றுக்குப் பதிவு கட்டாயம் இல்லை. உலோகச் சிற்பங்களுக்கு உண்டு. கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த சிற்பங்களும் ஓவியங்களும் சித்திரங்கள் உள்ள சுவடிகளும், பின்னர் மரச் சிற்பங்களும் பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. விக்கிரகம் நூறு வயது கடந்தது என்றால், அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் பதிந்திருக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டி வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் புகைப்படங்களோடு, அப்பா காலமான விவரத்தையும் தாமதத்தின் காரணத்தையும் எழுதி, நீங்களாக முன்வந்து விண்ணப்பியுங்கள். மாநிலத் தொல்லியல் துறை அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. வேறொருவர் புகார் கொடுத்து அதிகாரி வீடு தேடி வருவதற்கும் நீங்கள் போய்ச் சொல்வதற்கும் சட்டத்தின் முன் வித்தியாசம் உண்டு. பதியாமல் விற்றால் ஆறு மாதம் வரை சிறையும் பறிமுதலும் வரலாம். பதிந்த பிறகு விற்றால், உரிமை கைமாறியதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பூஜைக்கு உரிய விக்கிரகத்தை ஏலத்தில் விடத்தான் வேண்டுமா என்பதை அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு, டீ கெண்டியின் வெள்ளை வளையம். நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளிக் கெண்டிகளில், சூடு கைக்கு ஏறாமல் இருக்கக் கைப்பிடியின் இரு முனையிலும் தந்த வளையம் வைப்பார்கள். உங்களுடையது தந்தமா, மாட்டெலும்பா என்பதுதான் கேள்வி. தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் வலைபோலத் தெரியும். எலும்பில் அவை இராது. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்யாதீர்கள், பொருள்தான் கெடும். நிபுணரிடம் காட்டுங்கள்.

தந்தம்தான் என்றால் அதை விற்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. இந்திய யானைத் தந்த வியாபாரத்தை 1986-ஆம் ஆண்டுத் திருத்தமும், ஆப்பிரிக்கத் தந்தத்தை 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் அடைத்துவிட்டன. பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுத் தந்தச் சட்டத்தில், 1947-க்கு முன் செய்து, தந்தம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள பொருளுக்குப் பதிவின் பேரில் விலக்கு உண்டு. அத்தான் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தியாவில் அப்படிப் 'பழைய பொருள்' என்ற விலக்கே கிடையாது. திருவிதாங்கூர் அரசர் விக்டோரியா மகாராணிக்குத் தந்தச் சிம்மாசனம் அனுப்பி, அது 1851 லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட பெருமை நமக்கு உண்டுதான். அந்தக் கைவேலையின் புகழைச் சொல்லி இன்று ஒரு தந்த வளையத்தைக்கூட விற்க முடியாது.

மூன்றாவதான புலிநகமும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது. இதில் விற்பனை மட்டும் பிரச்சினை இல்லை, வைத்திருப்பதற்கே கணக்குச் சொல்ல வேண்டும். வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் அறிவித்திருக்க வேண்டும். அப்பாவிடமே உரிமைச் சான்று இருந்ததா என்று பழைய காகிதங்களில் தேடுங்கள். இந்த விஷயத்தில் நீதிமன்றம் கண்டிப்பாக இருக்கிறது. ஒரு பிரபல நடிகர் வைத்திருந்த தந்தங்களுக்குத் தரப்பட்ட உரிமைச் சான்றுகளை, அதற்கான அரசாணை முறைப்படி அரசிதழில் வெளியாகவில்லை என்ற காரணத்தால், கேரள உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் செல்லாது என்றது. அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்த நிலை என்றால் நீங்கள் யோசியுங்கள். இந்த இரண்டு பொருளுக்கும் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்து, அவர் மூலமே வனத்துறைக்கு எழுதுங்கள். படம் எடுத்து விலை கேட்டு வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அந்தச் செய்தியே விற்க முயன்றதற்குச் சாட்சியாகும்.

அடுத்து, இந்த வெள்ளி யாருடையது? கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறை 1976 டிசம்பர் 1 முதல் ஒழிந்தது. அப்பாவின் பங்கு உயில் இல்லாததால் அம்மா, நீங்கள், அக்கா மூவருக்கும் சமமாக வரும். சாமான் உங்கள் வீட்டில் இருப்பதால் உங்களுடையது ஆகிவிடாது. ஒருபடி மேலே போய்ப் பாருங்கள். தாத்தா காலத்தில் இந்தப் பெட்டி பங்கு பிரிக்கப்பட்டதா? இல்லை என்றால் சித்தப்பா, அத்தை வழியினருக்கும் பாத்தியதை உண்டு. மற்றவர் சம்மதத்தோடு ஒருவர் கையில் இருக்கும் பொதுப் பொருளை, விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்குபவருக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. விற்ற உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, பங்காளிகள் உங்கள்மீது வழக்குப் போடலாம். எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அக்கா லண்டன் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் இட்ட அதிகாரப் பத்திரம் அனுப்பினால் போதும்.

சங்கு முத்திரைத் தாம்பாளத்தைத் திருப்பிப் பாருங்கள். சங்கு திருவிதாங்கூர் அரசின் சின்னம். அரண்மனை பரிசாகத் தந்தது என்றால் பிரச்சினை இல்லை. அதோடு வந்த நீட்டோ (அரச ஆணை) கடிதமோ இருந்தால் பொருளைவிட்டுப் பிரிக்காதீர்கள். உரிமைக்கும் அதுதான் சாட்சி, ஏலத்தில் விலை ஏறவும் அதுதான் காரணம். 'ஸ்ரீபண்டாரவக' (கோயில் பண்டாரத்தைச் சேர்ந்தது) என்றோ கோயில் பெயரோ பொறித்திருந்தால் விற்பனைப் பேச்சை அதோடு நிறுத்துங்கள். 2011-ல் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தபோது உலகமே நம் ஊரைப் பார்த்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் நிர்வாக உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் கருவூலம் தெய்வத்துடையது என்பதில் அரச குடும்பமே மாறுபடவில்லை. தெய்வத்தின் பொருளுக்கு, எத்தனை தலைமுறை கையில் இருந்தாலும், தனி மனிதர் உரிமையாளர் ஆக மாட்டார்.

ஏல ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு பொருளின் எடை, படம், முத்திரை விவரம் எழுதி நகல் வாங்குங்கள். அதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற குறைந்தபட்ச விலை, உங்களிடம் பிடிக்கும் கமிஷன், போக்குவரத்தில் தொலைந்தால் காப்பீடு யார் பொறுப்பு, வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் என்ன, விற்காத பொருள் எத்தனை நாளில் திரும்பும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். சுத்தியல் விழுந்தால் விற்பனை முடிந்தது. அதுவரை ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விலை ஏற்ற உறவினர் ஒருவரை வைத்துப் பொய்யாகக் கேட்க வைத்தால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவின்படி வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யலாம். இதை வேடிக்கையாகச் செய்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

வரி: வீட்டில் உபயோகித்த வெள்ளிப் பாத்திரம் சொந்த உபயோகப் பொருள் என்று விலக்குப் பெற்ற தீர்ப்புகள் உண்டு. நகைக்கும் கலைப்பொருளுக்கும் அந்த விலக்கு இல்லை. பெட்டியிலேயே கிடந்தது, ஏலத்தில் கலைப்பொருளாக விற்றது என்றால் துறை வரி கேட்கலாம். நீண்டகால மூலதன ஆதாயத்துக்குத் தற்போது 12.5 சதவீதம். வாரிசாக வந்ததால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம், அதற்கு மதிப்பீட்டாளர் சான்று வேண்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள்.

பாலிஷ் போடவும் வேண்டாம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்றிருந்த காலத்துக் காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் சேகரிப்பவர் விலையைக் குறைத்துவிடுவார். டீ செட்டின் அடியில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற மதராஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், எடைக் கணக்கில் பேசும் யாரிடமும் அதைக் கொடுக்காதீர்கள். உருக்கிய பிறகு அந்தப் பெயரும் போய்விடும், வேலைப்பாடும் போய்விடும்.

இந்த வாரமே பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டியல் எழுதி, அம்மாவின் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். கிருஷ்ணருக்குப் பதிவு, வளையத்துக்கும் நகத்துக்கும் வனத்துறை, இவை முடிந்த பிறகே ஏல நிறுவனத்துக்கு எழுதுங்கள்.