மட்டும் மதுவும்

பட்டினப்பாலை பயிலுங்கால் ஓரிடம் எம்மைத் தடுத்து நிறுத்திற்று. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இராப்பொழுதில் மட்டினை விலக்கி மதுவினை விரும்பினர் என்கின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அகராதியைப் புரட்டினோம், இரண்டிற்கும் ‘கள்’ என்னும் பொருள் காணப்பட்டது. கள்ளை விலக்கிக் கள்ளை விரும்பினர் என்னின் நகைப்பன்றோ விளையும்? (கல்லூரி மலரிற் கள்ளைப் பற்றி எழுதுதல் தகுமோ என வினவுவார்க்கு, யாம் சுவைப்பது சொல்லையே என்க.)

மேலைநாட்டார் இம்மயக்கத்திற்கு இடங்கொடார். நுரைத்தெழும் திராட்ச மதுவுள்ளும், ஷாம்பேன் நிலப்பகுதியில் விளைவதற்கே ஐரோப்பாவில் அப்பெயர் உரியது. ஷார்தொனே, பினோ நுவார் முதலிய பழங்களின் சாற்றைப் புளிக்கவைத்து, பின்னர்ச் சிறிது சருக்கரையும் நொதியும் கூட்டிக் குப்பியில் அடைத்து, அதனுள்ளேயே மீண்டும் புளிக்கவிடுவர். வெளியேற வழியின்றி அடங்கிய கரியமில வாயுவே திறந்தவுடன் நுரையாய்ப் பொங்குவது. வடகிழக்கு இத்தாலியின் புரொசெக்கோ கிளேரா என்னும் பழத்தினது. அதன் இரண்டாம் புளிப்புப் பெரும்பாலும் பெருந்தொட்டியில் நிகழும். பழமும் நிலனும் முறையும் வேறுபடப் பெயரும் வேறுபட்டது.

நம் முன்னோரும் இதனை அறியாதாரல்லர். குறவர் தேனாலாய தேறலை மூங்கிற்குழாயில் முதிர்வித்தமை திருமுருகாற்றுப்படையிற் காணலாம். பறம்பு நாட்டார் அதனை நிலத்திற் புதைத்து முதிர்வித்தனர் என்பது புறநானூற்று 120-ஆம் பாட்டு. நெல்லினாற் சமைத்தது தோப்பி. அரிசியிலிருந்து கள் ஆக்கும் முறையை, பட்டினப்பாலை பாடிய அப்புலவரே பெரும்பாணாற்றுப்படையில் விரித்துரைக்கின்றார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, அடையை அதனிற் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விரலால் அலைத்துப் பிழிவர். அடையாவது நெல்முளை என்பர். முளை எற்றுக்கு? பழச்சாற்றிலும் பனஞ்சாற்றிலும் சருக்கரை இயல்பாகவே உண்டு. ஆதலின் பனஞ்சாறு மரத்திலிருந்து இறக்கிய சில நாழிகையில் தானே நுரைக்கும். அரிசியில் உள்ளதோ மாப்பொருள். அதனைச் சருக்கரையாக்குவது முளையே. தஞ்சை வயல்களினூடே நாடோறும் நடந்து கல்லூரிக்கு வரும் யாம் இந்நுட்பத்தைப் பாட்டிலிருந்தே முதலிற் கற்றோம்!

இனி மது யாது? யவனர் நன்கலத்திற் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுமாறு நக்கீரர் வாழ்த்துகின்றார் (புறம். 56). அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழ்வில் மேலைநாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. மரக்கலங்கள் வந்தடைந்த புகார் நகரத்து மகளிர், ஊர் மட்டினை விலக்கி விரும்பியது கடல்கடந்து வந்த அத்திராட்ச மதுவே என்பது எம் கருத்து. மறுப்பார் உளராயின் அடுத்த மலரில் எழுதுக.