கூலி உயர்ந்தால் வேலை போயிடுமா?

"சட்டப்படி சம்பளம் கேட்டா வேலையே போயிடும்." இந்தப் பயம் உங்களுக்கும் உண்டா? தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே 2002 நவம்பரில் வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் அவர்களின் ஊதியம் சுமார் 20 சதவீதம் உயர்ந்தது. வேலைவாய்ப்போ குறிப்பிடும்படி குறையவில்லை என்கிறது ஆய்வு. 2003 மார்ச்சில் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் ஊதியம் நிர்ணயித்தார்கள். அங்கும் கூலி ஏறியது. ஆனால் வேலைகள் கணிசமாகக் குறைந்தன.

ஒரே நாடு, சில மாத இடைவெளி, இரண்டு விளைவுகள். ஆக, 'வேலை போயே தீரும்' என்பதும் சரியில்லை, 'போகவே போகாது' என்பதும் சரியில்லை. தொழிலுக்குத் தொழில் விளைவு மாறும்.

தமிழ்நாட்டிலும் தொழில்வாரியாகத்தான் ஊதியம் நிர்ணயிக்கப்படுகிறது. வீட்டு வேலையும் அதில் உண்டு. அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படியும் சேர்ந்ததே உங்களுக்கு வர வேண்டிய தொகை. அது எவ்வளவு என்று தொழிலாளர் துறை இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். குறைவாகத் தந்தால் அத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 'கொடுக்க வசதியில்லை' என்பது காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது.