படகுக்கு ஒரு கண்ணாடிச் சட்டை
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

முன்னுரை

மரம் மிதக்கும் என்பதை அறிந்த மனிதன், மரம் மட்கும் என்பதையும் அறிந்தே இருந்தான். நீரில் மிதப்பதற்கென்று செய்த படகை அந்த நீரிடமிருந்தே காக்க வேண்டியிருக்கிறது. வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் 'கயாக்' என்னும் ஒற்றை ஆள் படகின் மரச்சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். நம் கடற்கரையில் பலகை இடுக்குகளில் பஞ்சை அடைத்துக் குங்கிலியம் பூசினார்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவினார்கள். இன்று அந்த வேலையைக் கண்ணாடி இழைத் துணியும் பிசினும் செய்கின்றன.

என் தந்தையார் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டும் தச்சர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தது நானே முதல். சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து நாலரை மீட்டர் நீளத்தில் ஒரு கயாக் செய்தோம். அதன் அடிப்புறத்துக்குக் கண்ணாடித் துணி ஒட்டியபோது நான் கற்றதை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தையலும் பசையும்

1960-களில், வீட்டிலேயே படகு செய்ய விரும்பியோரிடையே ஓர் எளிய முறை இங்கிலாந்தில் பரவியது. பிளைவுட் பலகைகளை அளவாக அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின்மேல் கண்ணாடி நாடாவைப் பிசினால் ஒட்டுவதே அம்முறை. 1963-இல் வந்த 'மிர்ரர்' என்னும் சிறு பாய்ப்படகு இதற்குப் புகழ் தேடித் தந்தது. கட்டுமரத்துக்கேற்ற பெரிய மரங்கள் அரிதாகி விலை ஏறிய நிலையில், 1980-களின் தொடக்கத்தில் முட்டத்திலும் மீனவர்களுக்கான பிளைவுட் படகுகள் இம்முறையில் கட்டப்பட்டன. தையல் நமக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவையே.

ஒட்டுதலே காவல்

கண்ணாடித் துணி போட்டுவிட்டால் படகுக்குக் கவலையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் காப்பது துணியன்று. துணிக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள ஒட்டுதல்தான். ஒட்டுதல் விட்ட இடத்தில் நீர் நுழைந்தால் வெளியேற வழியில்லை. சட்டையில்லாத மரமாவது வெயிலில் உலரும். ஒட்டாத சட்டைக்குள் இருக்கும் மரம் உலராது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு வாழ்வு. "கடல் தண்ணியைவிட மழைத் தண்ணிதான் மரத்துக்குப் பகை" என்று என் தந்தையார் சொல்வார். உப்பு பூஞ்சையைத் தடுக்கும். மழைநீரில் அந்தத் தடையில்லை.

ஆகவே வேலையில் பெரும்பகுதி துணியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மரம் 12 விழுக்காட்டுக்கும் குறைந்த ஈரத்துடன் உலர்ந்திருக்க வேண்டும். கம்பிகளை அறுத்துவிட்டு, பள்ளங்களை மரத்தூள் கலந்த பிசினால் பட்டி பார்க்க வேண்டும். கூர்மையான விளிம்புகளை இழைப்புளியால் உருட்ட வேண்டும். கண்ணாடி இழை கூரான மூலையில் மடங்காது. அங்கே தூக்கிக்கொண்டு காற்றறை உண்டாகும். இறுதியாக 80 எண் உப்புத்தாள் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும்.

பிசினின் கணக்கு

இவ்வேலைக்குப் பாலியெஸ்டர், எபாக்சி என இருவகைப் பிசின்கள் உண்டு. பாலியெஸ்டர் விலை குறைவு. ஆனால் மரத்தை அவ்வளவாகப் பற்றுவதில்லை. சில ஆண்டுகளில் தோல் உரிவதுபோல் உரிந்த படகுகளை எங்கள் கரையிலேயே பார்க்கலாம். எனவே எபாக்சியையே எடுத்தோம்.

பாலியெஸ்டருக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்க்கும் திரவம் வினையைத் தொடங்கி வைப்பது மட்டுமே. அதைச் சற்றுக் கூட்டினால் விரைவில் இறுகும். அந்தப் பழக்கத்தில் எபாக்சிக்கும் கடினமாக்கியைக் கூட்டி ஊற்றுவோர் உண்டு. இது தவறு. இங்கே கடினமாக்கி பிசினோடு இணைந்து அதன் உறுப்பாகவே ஆகிறது. அமீனிலுள்ள ஒவ்வொரு செயல்படும் ஹைட்ரஜனும் ஓர் எபாக்சித் தொகுதியைப் பிடிக்கிறது.

டிரை எத்திலீன் டெட்ரமின் என்னும் கடினமாக்கியின் மூலக்கூறு எடை 146. செயல்படும் ஹைட்ரஜன்கள் 6. வகுத்தால் சமான எடை 24.4. பிசினின் சமான எடை ஏறத்தாழ 190. எனவே 100 கிராம் பிசினுக்கு 24.4 × 100 ÷ 190, அதாவது சுமார் 13 கிராம். கூடினாலும் குறைந்தாலும் இணை கிடைக்காத மூலக்கூறுகள் உள்ளேயே தங்கி, படகின் சட்டை மென்மையாகிவிடும். கடைக்காரர் எந்தக் கடினமாக்கியைத் தருகிறாரோ அதன் டப்பாவில் உள்ள விகிதத்தையே தராசில் நிறுக்க வேண்டும்.

இது வெப்பம் உமிழும் வினை. கலவையை ஆழமான டப்பாவில் வைத்தால் வெப்பம் வெளியேறாமல் வினை மேலும் விரைந்து, சில நிமிடங்களில் புகையும். அகன்ற தட்டில் ஊற்றினால் வேலைக்கு நேரம் கிடைக்கும்.

ஒட்டுதலும் முடித்தலும்

மாலையில் தொடங்குவது நல்லது. காலையில் மரம் சூடேறும்போது அதன் நுண்துளைகளிலுள்ள காற்று விரிந்து, பிசினில் குமிழிகளாக எழும். மாலையில் மரம் குளிரும்போது காற்று சுருங்கி, பிசின் உள்ளே இழுக்கப்படும்.

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியை அணியம் முதல் பின்புறம் வரை சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பிசினைத் தள்ள வேண்டும். வெண்மையான துணி கண்ணெதிரே மறைவதைக் காணலாம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் பிசினின் ஒளிவிலகல் எண்ணும் நெருங்கியிருப்பதே காரணம். வெண்மை தங்கிய இடத்தில் பிசின் போதவில்லை என்று பொருள். மிகுந்த பிசினை ரப்பர் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். இல்லையேல் துணி மிதக்கும். துணியின் எடைக்குச் சமமான பிசின் போதும். எங்கள் கயாக்கின் அடிப்புறம் நாலரை சதுர மீட்டர். துணி 900 கிராம், பிசினும் ஏறத்தாழ அவ்வளவே. நெசவின் குழிகளை நிரப்ப மேலும் இரு பூச்சுகள் தேவை.

இறுகிய பரப்பில் மெழுகுபோல் ஒரு படலம் தோன்றலாம். அமீன், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடனும் ஈரத்துடனும் சேர்ந்து உண்டாக்கும் உப்பு அது. நீரில் கரையும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் பற்றாது. பிறகு உப்புத்தாளால், இழை வெளிப்படாதவாறு, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கடைசியாக வெயிலைத் தடுக்கும் வார்னிஷோ பெயிண்டோ கட்டாயம். நீரை வெல்லும் எபாக்சி, புற ஊதாக் கதிருக்குத் தோற்றுவிடும்.

கைக்கும் ஒரு சட்டை

என் தந்தையாரின் மணிக்கட்டில் பல ஆண்டுகளாக அரிப்பும் தடிப்பும் வந்து போகும். ஊரில் இதை உப்புக்காற்றின் வேலை என்பார்கள். தோல் மருத்துவர் பிசின் ஒவ்வாமை என்றார். இறுகாத எபாக்சியும் அமீனும் திரும்பத் திரும்பத் தோலில் படும்போது உடல் அதைப் பகையாக நினைவில் கொள்கிறது. அதன்பின் சிறு துளி பட்டாலும் தடிப்பு வரும். இந்நிலை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். கையைத் தின்னரால் கழுவுவது இன்னும் கேடு. அது பிசினைத் தோலுக்குள் செலுத்தும். சோப்பும் நீருமே ஏற்றவை. தேய்க்கும்போது எழும் தூளுக்கு, முகத்தில் கட்டும் துண்டு போதாது; தூசி வடிகட்டும் முகமூடி வேண்டும்.

இவற்றை நான் வீட்டில் சொன்னபோது, "இத்தனை வருஷம் இல்லாத உறையா?" என்றார் தந்தையார். சமான எடைக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, அமீன் எபாக்சியைப் பிடிப்பதுபோல் தோலையும் விடாது என்று விளக்கினேன். மறுவாரம் அவரே நாகர்கோவிலிலிருந்து இரண்டு ஜோடி ரப்பர் கையுறைகள் வாங்கி வந்தார்.

முடிவுரை

கடலுக்குப் போகிறவரின் உயிர் படகின் தோலில் இருக்கிறது. அந்தத் தோலை ஒட்டும் தச்சரின் பிழைப்போ தம் கைத்தோலில் இருக்கிறது. இரண்டையும் காக்கும் அறிவு நம் வேதியியல் நூல்களில் உள்ளது. பட்டறைகளிலிருந்தும் கடற்கரைகளிலிருந்தும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நாம், படித்ததைத் திரும்ப அங்கே கொண்டு சேர்ப்போமாக!